பாசே: மலைமேல் தனித்து நிற்கும் அப்போலோ கோயிலைக் கண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்க நாட்டின் தென்பகுதியாகிய பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில், கோட்டிலியோன் மலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,130 மீட்டர் உயரத்தில், பக்கத்தில் ஊர் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் அப்போலோ எபிகூரியோஸ் கோயில் நிற்கிறது. இடத்தின் பெயர் பாசே. பழைய கிரேக்க மொழியில் அதற்குச் சிறு பள்ளத்தாக்குகள் என்று பொருள். இன்றைய கிரேக்கர்கள் வாசெஸ் என்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில், பெரும்பாலும் 420க்கும் 400க்கும் இடையில், எழுப்பப்பட்ட இந்தக் கோயிலை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்க நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். உண்மையில் அந்த இடம் இந்த மலைக்கோயிலுக்குக் கிடைத்தது.

இவ்வளவு தூரம் மலையேறிச் சென்றும் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. கோயிலை ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம் மூடியிருக்கிறது. கட்டடத்துக்குள் ஏற அனுமதி கிடைக்காது என்று எண்ணியே செல்ல வேண்டும். சிற்பங்களோ லண்டனில் இருக்கின்றன. முன்னேற்பாடு இல்லாமல் போகிறவர் கூடாரத்துக்குள் சாம்பல் நிறத் தூண்களைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அரை மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பிவிடுவார். ஆனால் இந்தக் கோயிலைக் கட்டியவர் தமது புதுமை முழுவதையும் உள்ளறைக்குள் வைத்தார். எதைத் தேட வேண்டும், எங்கே நின்று தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், கட்டடக்கலை வரலாற்றின் மிகத் துணிச்சலான உள்ளறைகளில் ஒன்றை அந்தத் தூண்களின் இடைவெளி வழியாகவே கண்டுகொள்ள முடியும். அதற்கு உதவுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: புறப்படுமுன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோயில் ஃபிகாலியா என்ற பழைய நகருக்குச் சொந்தமானது. நேதா ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே அமைந்த மதில் சூழ்ந்த மலைநகரம் அது. கோயிலிலிருந்து பார்த்தால் மலைகளுக்கு அப்பால் தென்மேற்கே இருக்கிறது. இவ்வளவு சிறிய நகரம் இவ்வளவு செலவு செய்து, ஊருக்கு வெளியே, காற்றும் பனியும் வாட்டும் உயரத்தில் ஏன் கோயில் கட்டியது என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் நடந்து பார்த்து எழுதிய பவுசானியஸ், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே நடந்த பெலொப்பொனீசியப் போரின் காலத்தில் வந்த கொள்ளைநோயிலிருந்து ஃபிகாலிய மக்களைக் காத்ததால் அப்போலோவுக்கு எபிகூரியோஸ், அதாவது துணைக்கு வருபவன், என்ற பெயர் வந்ததாகச் சொல்கிறார். கோயிலைக் கட்டியவர் ஏதென்ஸில் பார்த்தெனான் கோயிலைக் கட்டிய இக்டினோஸ் என்றும் அவரே குறிப்பிடுகிறார்.

இந்த இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் போரை நேரில் கண்டு எழுதிய துசிடிடீஸ், கொள்ளைநோய் பெலொப்பொனீசுக்குள் குறிப்பிடும் அளவுக்குப் பரவவே இல்லை என்று பதிவு செய்திருக்கிறார். எபிகூரோஸ் என்ற சொல்லுக்குக் கூலிப்படை வீரன், துணைப்படை வீரன் என்ற பொருளும் உண்டு. ஃபிகாலியா அடங்கிய ஆர்க்கேடியப் பகுதியின் மலைவாசிகள் கூலிப்படையினராகப் பெயர் பெற்றவர்கள். இதே இடத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கோயில் இருந்தது என்பதும், அங்கே சிறு உருவில் செய்த போர்க்கவசங்கள் காணிக்கையாகக் கிடைத்தன என்பதும் அகழாய்வில் தெரியவந்தவை. கி.மு. 659இல் ஸ்பார்ட்டாவிடம் தங்கள் நகரை இழந்த ஃபிகாலியர்கள், பிறகு அண்டை ஊரார் அனுப்பிய வீரர்களின் உதவியோடு அதை மீட்டார்கள் என்ற மரபுச் செய்தியையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே வணங்கப்பட்ட அப்போலோ நோய் தீர்ப்பவன் என்பதைவிடப் போரில் துணை நிற்பவன் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இக்டினோஸ் கட்டினாரா என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கோயிலின் வெளித்தோற்றம் அதன் காலத்துக்கே பழமையானது, உள்ளமைப்போ யாரும் அதற்குமுன் செய்திராதது. இரண்டும் ஒரே கையின் வேலையா என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அங்கே நிற்கும்போது இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பார்வை கூர்மையாகும்.

இரண்டாம் படி: காலமும் ஆவணங்களும்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மாதங்கள் ஏற்றவை. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் பனி பெய்யும், பார்வை நேரமும் குறையும். கோடையின் நடுவில் கீழே சமவெளியில் வெயில் கொளுத்தினாலும் மேலே காற்று இதமாகவே இருக்கும், ஆனால் மலைப்பாதைக்கு வரும் முன்னரே களைத்துவிடுவீர்கள். திறந்திருக்கும் நேரமும் கட்டணமும் பருவத்துக்கேற்ப மாறுவதால், கிளம்பும் வாரத்தில் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு வாடகைக் கார் ஓட்ட எண்ணுகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தை ஊரிலேயே வாங்கிக்கொண்டு செல்ல வேண்டும். கைக்கு அடக்கமான தொலைநோக்கி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் ஆறாம் படியில் தெரியும்.

மூன்றாம் படி: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

கோயிலை அடைய இரண்டு நல்ல வழிகள் உள்ளன. இரண்டும் அந்த்ரித்சேனா என்ற மலையூரில் சந்திக்கின்றன. அங்கிருந்து கோயில் தெற்கே 14 கிலோமீட்டர்.

ஏதென்ஸிலிருந்து நேரே வருகிறவர்கள் கொரிந்த், திரிபோலி வழியாக மெகலோபோலிஸ் வரை நெடுஞ்சாலையில் வந்து, அங்கிருந்து காரித்தேனா வழியாக மலைச்சாலையில் ஏற வேண்டும். இடையில் நிற்காமல் வந்தாலும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். இந்த வழியில் வந்தால் திரிபோலிக்கு அருகே தெகியாவில் கட்டாயம் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பவுசானியஸ் பாசே கோயிலைப் புகழும்போது, கல்லின் அழகிலும் அமைப்பின் ஒழுங்கிலும் பெலொப்பொனீசில் தெகியாவின் கோயிலுக்கு அடுத்தபடி இதுவே சிறந்தது என்று எழுதினார். அவர் முதலிடம் கொடுத்த அந்த அதேனா அலேயா கோயில் இன்று அடித்தளமும் உருண்டு கிடக்கும் பெரிய தூண் துண்டுகளுமாக ஒரு சிற்றூரின் வீடுகளுக்கு நடுவே கிடக்கிறது. ஊருக்குள் இருந்ததால் அதன் கல் ஊருக்கே பயன்பட்டுவிட்டது. பாசேயின் கல்லை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. தனிமை ஒரு கோயிலை எப்படிக் காத்தது என்பது, தெகியாவைப் பார்த்துவிட்டு மேலே ஏறுகிறவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கும். மெகலோபோலிஸையும் வெறும் வழித்தங்கலாக நினைக்க வேண்டாம்: பாசேயிலிருந்து கொண்டுவரப்பட்ட பன்னிரண்டு அடி உயர அப்போலோவின் வெண்கலச் சிலையைப் பவுசானியஸ் கண்டது இந்த நகரின் சந்தைச் சதுக்கத்தில்தான்.

மற்ற வழி ஒலிம்பியாவிலிருந்து கிரெஸ்தேனா வழியாக வருவது. முதல்முறை செல்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழிதான். ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் ஜீயஸ் கோயிலின் மேற்கு முகப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான சென்டார்கள் திருமண விருந்தில் குடித்துவிட்டு லாப்பித் இனத்துப் பெண்களைக் கவரப் பாய்கிறார்கள். அந்தக் கைகலப்பின் நடுவே அப்போலோ அசையாமல் கையை நீட்டி நிற்கிறான். பாசேயின் கருவறையைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டியிலும் இதே போர் உண்டு. ஒலிம்பியாவில் கண்ட அமைதியான அப்போலோவை நினைவில் ஏந்திச் சென்றால், சுமார் ஐம்பது ஆண்டுகளில் கிரேக்கச் சிற்பியின் மனநிலை எவ்வளவு மாறிவிட்டது என்பது பிறகு புரியும்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் பேருந்தில் அந்த்ரித்சேனா வரை வந்து, அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், டாக்சியையும் கோயிலில் காத்திருக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். வண்டியில் வருகிறவர்கள் பெட்ரோலைக் கீழே மெகலோபோலிஸிலோ கிரெஸ்தேனாவிலோ நிரப்பிவிட வேண்டும். மலைச்சாலை தார்ச்சாலைதான், ஆனால் வளைவுகள் நெருக்கமானவை, ஆட்டு மந்தைகளும் குறுக்கே வரும். இருட்டிய பிறகு இறங்குவதைத் தவிர்க்கலாம். கோயிலின் அருகில் கடை எதையும் எதிர்பார்க்காமல் தண்ணீரையும் உணவையும் அந்த்ரித்சேனாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த்ரித்சேனாவில் ஓர் இரவு தங்க முடிந்தால் நல்லது. காலையில் முதல் ஆளாகக் கோயிலுக்குச் செல்லலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஓட்டு வீடுகள் சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் அந்த ஊரிலுள்ள நூலகம். அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்டு பாரிசில் வாழ்ந்த நிக்கோலோபுலோஸ் என்ற அறிஞர், தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அரிய நூல்களை, புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் இந்தச் சிற்றூருக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அனுப்பிவைத்தார்.

நான்காம் படி: கூடாரத்தைக் குறையாக எண்ணாதீர்கள்

சாலை வளைவில் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது கோயில் அன்று. எஃகுக் கம்பங்களும் வடங்களும் இழுத்துப் பிடித்திருக்கும் கூர்முனைகள் கொண்ட ஒரு வெண்ணிறக் கூடாரம். 1987 முதல் கோயில் இதற்குள்தான் இருக்கிறது. பழைய ஓவியங்களிலும் புகைப்படங்களிலும் வெட்டவெளியில் மலைகளின் பின்னணியோடு நிற்கும் கோயிலைக் கண்டுவிட்டு வருகிறவருக்கு இது மனவருத்தம் தருவதில் வியப்பில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் கவலையாக மாறும், அந்தக் கவலை நியாயமானது.

கோயிலின் பெரும்பகுதி அந்த மலையிலேயே வெட்டிய சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. இந்தக் கல்லில் இயல்பாகவே மெல்லிய பிளவுகள் ஓடுகின்றன. மழையும் உருகும் பனியும் அந்தப் பிளவுகளில் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, கல்லைச் சிறிது சிறிதாகப் பிளக்கின்றன. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு அதிகமான இடம் அது. அடியிலும் சிக்கல் இருக்கிறது: சரிவான பாறைமேல் சிறு கற்களும் களிமண்ணும் கொண்டு சமன்செய்து எழுப்பிய அடித்தளத்துக்குள் ஈரம் இறங்கியதால், கட்டடம் சீரற்று அமிழ்ந்து, தூண்கள் சாய்ந்தன. இவற்றோடு நிலநடுக்கம் வேறு. தூண்களைச் சுற்றி நிற்கும் சாரங்கள் அதற்காக அமைத்தவை. 1902 முதல் 1908 வரை கிரேக்கத் தொல்லியல் சங்கம் விழுந்து கிடந்தவற்றை எடுத்து நிறுத்தியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடக்கும் பணி அதைவிட ஆழமானது: தூண்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, அடித்தளத்தைச் சரிசெய்து, ஒவ்வொரு கல்லையும் பழுது பார்த்து, மீண்டும் அதே இடத்தில் ஏற்றுகிறார்கள். வடக்குப் பக்கத்தில் தொடங்கிய இந்த வேலை முடிந்த பிறகே கூடாரத்தை அகற்ற முடியும். ஆகவே நீங்கள் பார்க்கப் போவது சிகிச்சையிலிருக்கும் ஒரு கட்டடம். அதற்குரிய பொறுமையோடு பாருங்கள்.

ஐந்தாம் படி: வெளிச்சுற்றை மெதுவாகச் சுற்றி வாருங்கள்

உள்ளே நுழைந்ததும் ஒளி மாறிவிடும். கூடாரத் துணியின் வழியே வடிந்து வரும் வெளிச்சத்தில் கூரிய நிழல்கள் இல்லை. எல்லாத் தூண்களும் ஒரே சாம்பல் நிறத்தில், பகல் நேரம் எது என்றே தெரியாதபடி நிற்கும். காற்று வீசினால் மேலே துணி படபடக்கும். கண் பழகுவதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

முதலில் திசையைக் கவனியுங்கள். கிரேக்கக் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்கும். இது வடக்கு நோக்கியிருக்கிறது. மலைச்சரிவின் அமைப்பு காரணமா, இங்கே முன்பிருந்த கோயிலின் வழக்கமா என்று பல விளக்கங்கள் உண்டு. அடுத்து தூண்களை எண்ணுங்கள்: முகப்பில் 6, நீளவாட்டில் 15, மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் மொத்தம் 38. கட்டடம் ஏறத்தாழ 38 மீட்டர் நீளமும் 14.5 மீட்டர் அகலமும் கொண்டது. தூணின் உயரம் சற்றேறக்குறைய 6 மீட்டர். பார்த்தெனான் காலத்தில் 6 தூண் முகப்புக்குப் பக்கவாட்டில் 13 தூண்கள் வைப்பதே பரவலான வழக்கம். 15 வைத்ததால் கோயில் நீண்டு ஒடுங்கித் தெரிகிறது. அது பழைய முறை. டெல்பியின் அப்போலோ கோயிலும் 6க்கு 15தான்.

ஒரு தூணின் அருகே, தடுப்புக்கு இப்பால் நின்றபடியே, சிறிது நேரம் அதை மட்டும் பாருங்கள். கிரேக்கத் தூண் முறைகளுள் எளிமையானதாகிய டோரிக் முறைப்படி அதற்கு அடிப்பீடம் கிடையாது. தரையிலிருந்தே நேராக எழுகிறது. சுற்றிலும் 20 செங்குத்து வரிப்பள்ளங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததைக் கூரிய விளிம்பில் சந்திக்கிறது. தூண் ஒரே கல்லன்று. உருளைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், மூட்டு மயிரிழையாகவே தெரியும். வரிப்பள்ளத்தின் விளிம்பு பல இடங்களில் உடைந்து, அங்கே கல்லின் உட்புற நிறம் வெளிறித் தெரியும். சில இடங்களில் உடைந்த பகுதிக்குப் புதுத் துண்டு பொருத்தியிருப்பார்கள். நிறவேறுபாட்டை வைத்துப் பழையதையும் புதியதையும் பிரித்தறியலாம்.

தூண்களுக்கு மேலே உத்தரக் கற்கள் பெரும்பாலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கூரையும் முகப்பின் முக்கோணப் பகுதியும் இல்லை. கூரையையும் கல்லாலேயே வேய்ந்திருந்தார்கள் என்று பவுசானியஸ் தனியே குறிப்பிடுகிறார். சலவைக்கல்லில் செய்த ஓடுகள் அவை. வெளிப்புறத்தில் சிற்பம் எதுவும் இல்லாததைக் கண்டு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைக்காதீர்கள். வெளியே எளிமையாக இருந்ததால்தான் உள்ளே நுழைந்தவர் அன்று திகைத்திருப்பார்.

ஆறாம் படி: உள்ளறையை மனத்தில் மீண்டும் எழுப்புங்கள்

தூண்களுக்கிடையே நின்று தொலைநோக்கியை எடுங்கள். கோயிலின் வடக்கு முகப்பில் தொடங்கி, மனத்தளவில் தெற்கு நோக்கி நடக்கப் போகிறோம்.

முன்மண்டபத்தைத் தாண்டியதும் கருவறை. மற்றக் கிரேக்கக் கோயில்களில் கருவறைக்குள் இரு வரிசைத் தூண்கள் தனித்து நிற்கும். இங்கே பக்கச் சுவர்களிலிருந்து இருபுறமும் ஐந்தைந்து குறுஞ்சுவர்கள் உள்நோக்கி நீள்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் அரைத்தூணில் முடிகிறது. அதனால் அறையின் இருமருங்கிலும் மாடங்கள் போன்ற சிறு இடைவெளிகள் உண்டாகின்றன. முதல் நான்கு இணைகள் சுவருக்குச் செங்குத்தாகவும், கடைசி இணை 45 பாகைச் சாய்வாகவும் நிற்கின்றன. அந்தச் சாய்வு, நடந்து வருகிறவரின் பார்வையைத் தானாகவே நடுவுக்குத் திருப்பும். அரைத்தூண்களின் அடிப்பகுதி மணியின் வாய்போல் அகன்று விரிந்திருப்பதைத் தொலைநோக்கியில் கண்டுபிடியுங்கள். வேறெங்கும் காணக் கிடைக்காத வடிவம் அது. வெளியே டோரிக் முறையில் அடிப்பீடமே இல்லாத தூண். உள்ளே இவ்வளவு பரந்த அடியுள்ள, சுருள்களால் அடையாளம் காணப்படும் அயோனிக் முறைத் தூண். அதன் போதிகை, அதாவது தூணின் தலைப்பகுதி, சலவைக்கல்லால் ஆனது, மூன்று பக்கமும் சுருள்களைக் கொண்டது, சுருள்களை இணைக்கும் கோடு நேராகச் செல்லாமல் வில்போல் மேலெழுந்து வளைந்தது. போதிகையை இன்று அங்கே காண முடியாது. அடிகளையும் குறுஞ்சுவர்களின் எஞ்சிய பகுதியையும் காணலாம்.

இப்போது அறையின் தென்கோடிக்குப் பார்வையைக் கொண்டு செல்லுங்கள். சாய்ந்து நிற்கும் கடைசி இணைக்கு நடுவே, அறையின் மைய அச்சில், ஒற்றைத் தூண் ஒன்று தனியே நின்றது. இந்த ஒரு தூணுக்காகவே பாசேயின் பெயர் கட்டடக்கலை பற்றிய எல்லாப் பாடங்களிலும் வருகிறது. அதன் போதிகை நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய கொரிந்தியன் போதிகை: கூடை போன்ற உடலின் அடியைச் சுற்றி அகாந்தஸ் இலைகள், மேலே மூலைகளை நோக்கிச் சுருளும் தண்டுகள். பின்னாளில் ரோமப் பேரரசு முழுவதும் பரவி, அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் வங்கிக் கட்டடங்களிலும் இன்றுவரை தொடரும் ஒரு வடிவத்தின் எஞ்சியிருந்த முதல் சான்று, ஆடு மேய்ப்போர் மட்டுமே நடமாடிய இந்த மலையில் இருந்தது. கொரிந்து நகரில் இறந்துபோன ஒரு பெண்ணின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி அகாந்தஸ் செடி வளர்ந்ததைக் கண்டு கல்லிமாக்கஸ் என்ற சிற்பி இந்த வடிவத்தை உருவாக்கினார் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார். அந்தக் கதையின் உண்மை எதுவானாலும், நம் கைக்கு எட்டும் சான்று இங்கிருந்து கிடைத்ததே.

அந்தத் தூணுக்குப் பின்னால் சுவர் இல்லை. அங்கே தொடங்கும் பின்னறைக்குக் கிழக்குச் சுவரில் தனியே ஒரு வாசல் உண்டு. கோயில் வடக்கு நோக்கியிருந்தாலும், அந்த வாசல் வழியாகக் காலைச் சூரியன் உள்ளே வரலாம். கிழக்குப் பக்கமாக நடந்து சென்று அந்த வாசலின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு, கூடாரம் இல்லாத ஒரு விடியலில், வடக்கு வாசலில் நிற்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: நீண்ட இருண்ட அறை, இருபுறமும் வெண்மையான அரைத்தூண்கள், கோடியில் ஒற்றை இலைத்தூண், அதன் பின்னே பக்கவாட்டிலிருந்து விழும் வெயில். தெய்வச் சிலை பின்னறையில் இருந்ததா, தூணுக்கு முன்னால் இருந்ததா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை; அந்தத் தூணே தெய்வத்தின் அடையாளமாக நின்றது என்று கருதுகிறவர்களும் உண்டு.

கடைசியாக, அரைத்தூண்களுக்கு மேலே, அறையின் நான்கு பக்கமும் சுற்றி ஓடிய சிற்பப் பட்டியை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். கிரேக்கர்கள் இத்தகைய பட்டியை வழக்கமாகக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் வைத்தார்கள்; பார்த்தெனானில்கூட அது கருவறைச் சுவரின் வெளிப்பக்கத்தில்தான் ஓடியது. இங்கே அது உட்புறத்தில், கூரைக்குக் கீழே, அரையிருளில் இருந்தது.

ஏழாம் படி: இங்கே இல்லாதவை எப்படிப் போயின என்று அறிந்துகொள்ளுங்கள்

கோயில் நெடுங்காலம் வெளியுலகின் நினைவில் இல்லை. ஈயத்துக்காகவும் இரும்புக்காகவும் கற்களை இணைத்த பற்றுக்கம்பிகளைத் தோண்டி எடுத்தவர்களால் உட்புறம் இடிந்தது. துளைகள் குடையப்பட்ட கற்களை நீங்களே காணலாம். 1765இல், சாக்கிந்தோஸ் தீவில் வேலை செய்துவந்த ஜோக்கிம் போஷே என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் இந்தப் பக்கம் வந்தபோது தற்செயலாகக் கோயிலைக் கண்டார். இரண்டாம் முறை பார்க்க வந்தவர் கொள்ளையரால் கொல்லப்பட்டார்.

1811இல் ஆங்கிலேயர் காக்கரெலும் பவேரியர் ஹாலர் ஃபொன் ஹாலர்ஸ்டைனும் தோழர்களோடு வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு நரி வெளியே பாய்ந்தது. அதன் வளைக்குள் எட்டிப் பார்த்த காக்கரெல், சிற்பம் செதுக்கிய சலவைக்கல் ஒன்றைக் கண்டார். மறு ஆண்டு, அப்போது பெலொப்பொனீசை ஆண்ட துருக்கிய ஆளுநர் வேலி பாஷாவின் அனுமதியோடு ஹாலரும் மற்றவர்களும் தோண்டி, 23 சிற்பப் பலகைகளையும் வெளியே எடுத்தார்கள். மலைப்பாதையில் ஆட்களைக் கொண்டு கடற்கரைக்கு இறக்கி, அப்போது பிரிட்டனின் பிடியிலிருந்த சாக்கிந்தோஸுக்குக் கொண்டுசென்றார்கள். 1814இல் அங்கே நடந்த ஏலத்தில் பிரிட்டிஷ் அரசு 60,000 ஸ்பானிய டாலருக்கு அவற்றை வாங்கியது. கொரிந்தியன் போதிகை கப்பலேறவில்லை. அது உடைந்து போனது. அதன் முழு வடிவம் இன்று நமக்குத் தெரிவதற்கு, ஹாலர் தமது குறிப்பேட்டில் பொறுமையாக வரைந்துவைத்த படங்களே காரணம். அவர் அந்தப் பக்கங்களை வரையாமல் விட்டிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது சிதைந்த துண்டுகள் மட்டுமே. இடத்திலேயே விட்டிருக்க வேண்டியவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோனவர்களும், அவற்றின் நினைவைக் காத்தவர்களும் ஒரே கூட்டத்தார் என்பது இந்தக் கோயிலின் வரலாற்றில் என்னை இன்றும் உறுத்துகிற செய்தி.

எட்டாம் படி: நேரம் இருந்தால் சுற்றுப்புறத்தையும் பாருங்கள்

கோயிலுக்கு மேலே கோட்டிலியோன் உச்சியை நோக்கி ஏறினால், ஆர்ட்டெமிஸுக்கும் அஃப்ரோடைட்டிக்கும் இருந்த இரண்டு சிறு கோயில்களின் அடித்தளங்கள் உண்டு. பார்க்க அதிகம் இல்லை. ஆனால் மலைகளுக்கு நடுவே கோயில் அமர்ந்திருக்கும் விதம் அங்கிருந்துதான் தெளிவாகும்.

ஃபிகாலியாவுக்குச் செல்வது அதைவிட முக்கியம் என்பேன். இந்தக் கோயிலைக் கட்டிய மக்களின் நகர மதிலும், பழைய நீரூற்று மண்டபமும் இன்றைய சிற்றூருக்கு அருகில் இருக்கின்றன. கீழே ஆழத்தில் நேதா ஆறு ஓடுகிறது. குழந்தை ஜீயஸை வளர்த்த தேவதைகளில் ஒருத்தியின் பெயர் அந்த ஆற்றுக்கு. ஃபிகாலியச் சிறுவர்கள் தங்கள் முடியைக் கத்தரித்து இந்த ஆற்றுக்குக் காணிக்கையாக்கினார்கள் என்று பவுசானியஸ் எழுதுகிறார். அருவி வரை இறங்கும் நடைபாதை உண்டு. உறுதியான காலணியும் அரை நாளும் ஒதுக்குங்கள்.

ஒன்பதாம் படி: லண்டனில் முடியுங்கள்

பாசேப் பயணத்தின் இறுதிக் கட்டம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 16ஆம் அறை. படியேறிச் செல்லும் சிறு அறை அது; எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை என்பதால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலைப் பார்க்குமுன் அங்கே போவதைவிட, பார்த்தபின் போவதே சிறந்தது என்பது என் கருத்து. எந்த அறைக்கு உரிய சிற்பங்கள் இவை என்பது உங்கள் கால்களுக்கே தெரிந்திருக்கும்.

23 பலகைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 31 மீட்டர், உயரம் 64 சென்டிமீட்டர். 12 பலகைகளில் கிரேக்கர்களும் அமேசான் வீராங்கனைகளும் பொருதுகிறார்கள். 11இல் லாப்பித்துகளும் சென்டார்களும். எந்தப் பலகைக்கு அடுத்து எது என்ற வரிசையில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. உருவங்கள் கட்டையாகவும் தலை பெரிதாகவும் இருக்கும்; ஆடைகள் காற்றில் சுழன்று முறுக்கிக்கொண்டு பறக்கும். பார்த்தெனான் சிற்பங்களின் மென்மையைத் தேடி வந்தவர்கள் இதைக் கரடுமுரடு என்று ஒதுக்கியதுண்டு. தலைக்கு வெகு மேலே, மங்கிய ஒளியில், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்காகச் செதுக்கியவை இவை என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும்.

மூன்று பலகைகளை மட்டுமாவது தேடிப் பாருங்கள். சிங்கத் தோல் அணிந்த ஹெராக்கிளிஸும் கேடயம் ஏந்திய அமேசானும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, இருவர் உடலும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறிபோல் விரியும் பலகை ஒன்று. தெய்வச் சிலையைக் கட்டிக்கொண்டு அடைக்கலம் தேடும் பெண்ணின் ஆடையைச் சென்டார் ஒருவன் பற்றி இழுப்பது இரண்டாவது. மூன்றாவது லாப்பித் வீரன் கைனியஸ். எந்த ஆயுதமும் துளைக்க முடியாத உடல் அவனுக்கு வரமாகக் கிடைத்திருந்தது. அதனால் சென்டார்கள் அவனைப் பாறையால் அழுத்தி உயிரோடு மண்ணுக்குள் புதைத்தார்கள். பலகையில் இருபுறமும் இரண்டு சென்டார்கள் ஒரு பெரும் பாறையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். நடுவே கைனியஸ் பாதி உடல் நிலத்துக்குள் இறங்கிய நிலையில், கேடயத்தைத் தலைக்கு மேலே பிடித்தபடி இருக்கிறான். சிற்பி அவனுடைய கால்களைச் செதுக்கவே இல்லை. பலகையின் கீழ்விளிம்பே அவனை விழுங்கும் நிலம்.